கர்னல் ஆல்காட்டின் பள்ளிகள்

சென்னைப் பெசன்ட் நகரில், எலியட்ஸ் கடற்கரையிலிருந்து வடக்கே அடையாற்றின் கழிமுகத்தை நோக்கி நடந்தால் ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் மீனவர் ஊர் வரும். மணலில் கட்டுமரங்களும் கண்ணாடியிழைப் படகுகளும் கிடக்கும் அவ்வூரின் பெயரில் பாதி தமிழ். மறுபாதி ஓர் அமெரிக்கரின் குடும்பப் பெயர். அருகிலேயே அவர் பெயரைத் தாங்கிய பள்ளி ஒன்றும் உள்ளது. கடல் கடந்த இலங்கையிலோ கொழும்புக் கோட்டைத் தொடர்வண்டி நிலையத்தின் முன் அவருக்குச் சிலை நிற்கிறது. ஹென்றி ஸ்டீல் ஆல்காட் என்னும் அம்மனிதர் இவ்விரு கரைகளிலும் நினைக்கப்படுவதற்குக் காரணம் அவர் திறந்த பள்ளிகளே.

பாதியில் நின்ற படிப்பு

ஆல்காட் 1832ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள ஆரஞ்சு என்னும் ஊரில் பிறந்தார். நியூயார்க்கில் கல்லூரிப் படிப்பைத் தொடங்கிய சிறிது காலத்திலேயே தந்தையின் வணிகம் நொடித்துப் போயிற்று. படிப்பைத் துறந்த இளைஞர் ஒகையோ மாநிலத்திற்குச் சென்று வேளாண்மையில் இறங்கினார். பயிர்த்தொழிலைக் கையால் கற்றவர் அதையே பிறர்க்கும் கற்பிக்க விரும்பினார். நியூயார்க்கு அருகே வேளாண் பள்ளி ஒன்றை நடத்தினார். இனிப்புச் சோளப் பயிர்களைப் பற்றி 1857இல் ஒரு நூல் வெளியிட்டார். நியூயார்க் டிரிபியூன் நாளிதழில் வேளாண் பகுதியின் ஆசிரியராகவும் இருந்தார்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் அவரை வேறு திசைக்குத் திருப்பியது. படைக்குப் பொருள் வழங்கியோர் செய்த மோசடிகளைக் கண்டறியும் சிறப்பு அலுவலராக அரசு அவரை அமர்த்தியது. அப்பணிக்காலத்தில் வந்ததே கர்னல் என்னும் பட்டம். 1865இல் ஆபிரகாம் லிங்கன் கொல்லப்பட்டபோது, அக்கொலையை விசாரித்த குழுவிலும் அவர் இடம்பெற்றார். பின்னர் வழக்கறிஞரானார். 1875ஆம் ஆண்டு பிளாவட்ஸ்கி அம்மையார் முதலியோருடன் இணைந்து நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தோற்றுவித்து, அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1879இல், பம்பாயில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. பெரும்பாலோர் ஒரு தொழிலில் நிலைத்துவிடும் வயதில் அவருடைய வாழ்வின் முதன்மையான பணி இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

தீவின் ஊர்களில்

இலங்கைக்கும் அவருக்குமான தொடர்பு ஒரு சொற்போரில் தொடங்கியது. 1873இல் பாணந்துறையில் பௌத்தத் துறவி குணானந்த தேரருக்கும் கிறித்தவப் போதகர்களுக்கும் நடந்த சமய வாதத்தின் அச்சிட்ட செய்தி அவர் கைக்குக் கிடைத்தது. அதன்பின் தேரருடன் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. 1880ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கியும் காலித் துறைமுகத்தில் இறங்கியபோது பெருந்திரள் அவர்களை வரவேற்றது. சில நாள்களில் இருவரும் காலியில் முறைப்படி பஞ்சசீலம் ஏற்றனர். ஆளும் இனத்தின் நிறமுடைய ஒருவர் ஆளப்படும் மக்களின் சமயத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் ஏற்றது அத்தீவில் எத்தகைய அதிர்வை உண்டாக்கியிருக்கும் என்பதை இன்று முழுமையாக உணர்வது கடினம்.

வரவேற்பின் ஆரவாரம் அடங்கிய பின் ஆல்காட்டின் கண்ணில் பட்டவை பள்ளிகளே. ஊர்தோறும் பௌத்தக் குடும்பங்கள் வாழ்ந்தன. ஆனால் அரசின் உதவி பெற்ற பள்ளிகளுள் மிகப் பெரும்பாலானவை கிறித்தவ மறைப்பணிச் சங்கங்களின் கையில் இருந்தன. பௌத்தர் நடத்தி அரசின் பதிவு பெற்ற பள்ளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எழுத்தும் கணக்கும் வேண்டுமெனில் குழந்தை பிறர் சமயத்தின் பள்ளிக்குச் செல்ல வேண்டும்; அங்கே தன் பெற்றோரின் வழிபாடு இழிவாகப் பேசப்படுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இதே இக்கட்டைத் தமிழர் முன்னரே சந்தித்திருந்தனர். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், குழந்தைகளுக்காகச் சைவ வினாவிடை எழுதியதும் அதன் விளைவே. ஆல்காட் இலங்கை வருவதற்கு முந்திய ஆண்டில்தான் நாவலர் மறைந்தார். ஒருவரையொருவர் அறியாத இருவரும் ஒரே நோய்க்கு ஒரே மருந்தைத் தேடியது வியப்புக்குரியது. நாவலரைப் போலவே ஆல்காட்டும் வினாவிடை வடிவில் ஒரு சிறு நூல் எழுதினார். இக்கடுவை சுமங்கல தேரர் பார்த்து ஒப்புதல் அளித்த பௌத்த வினாவிடை, 1881இல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அதை அச்சிடும் செலவை மாத்தறையைச் சேர்ந்த ஒரு பெண்மணி ஏற்றார்.

நூல் மட்டும் இருந்து என்ன பயன்? பள்ளிக்கு இடம் வேண்டும், கூரை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியர் வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். கொழும்பில் சில செல்வரிடம் கேட்டுப் பெற்றுவிடுவது எளிய வழி. ஆல்காட் அவ்வழியில் நின்றுவிடவில்லை. கல்வி நிதி ஒன்றைத் தொடங்கி, ஊர் ஊராகச் சென்று மக்களிடமே திரட்டினார். தொடர்வண்டி செல்லாத ஊர்களுக்கு மாட்டுவண்டியே துணை. அதற்கென ஒரு வண்டியை அவர் அமைத்துக்கொண்ட விதம் பழைய உழவரையும் பழைய படை அலுவலரையும் ஒருங்கே காட்டுகிறது. வில் பொருத்திய இரு சக்கர வண்டி அது. இரவில் நால்வர் படுக்கலாம்; உணவு வேளையில் அதுவே மேசையாக மாறும். பக்கங்களில் பாத்திரங்களுக்கும் புத்தகங்களுக்கும் அறைகள். அடியில் காய்கறிக்கும் மளிகைக்கும் பெட்டிகள். வண்டியோட்டியின் சமையல் பானைக்குக்கூடத் தனி இடம். இத்தனையும் இருந்தும் நாட்டு வண்டியைவிட எடை குறைவு என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. இவ்வாறு அவர் மேற்கு மாகாணத்திலும் தென்கரையிலும் உள்ள ஊர்களில் திண்ணைகளிலும் விகாரை முற்றங்களிலும் மொழிபெயர்ப்பாளர் துணையுடன் பேசினார். தம் ஊர்க் குழந்தைகளுக்கான பள்ளியைத் தாமே நடத்த வேண்டும் என்பதே பேச்சின் சாரம்.

பயன் உடனே விளைந்துவிடவில்லை. கூட்டத்தில் வாக்களித்த பணம் பல ஊர்களில் வந்து சேரவில்லை. துறவியர் பிரிவுகளுக்குள் பிணக்குகள் இருந்தன. ஏற்கெனவே ஒரு பள்ளி இருக்குமிடத்திலிருந்து கால் மைல் எல்லைக்குள் தொடங்கும் புதிய பள்ளிக்கு அரசு உதவி இல்லை என்று 1892இல் ஒரு விதி வந்தது. முன்னரே நல்ல இடங்களில் அமைந்துவிட்ட பள்ளிகளுக்கு அவ்விதி வேலியாயிற்று. பின்னால் வந்தவற்றுக்கு அதுவே தடையாயிற்று. அதைத் தளர்த்தப் பௌத்தர்கள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது.

ஆயினும் பள்ளிகள் எழுந்தன. கொழும்பு புறக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் 37 மாணவருடன் தொடங்கிய ஆங்கிலப் பள்ளியே இன்றைய ஆனந்தா கல்லூரி. கண்டியில் தர்மராஜா கல்லூரியும், காலியில் மகிந்த கல்லூரியும் தொடர்ந்தன. பெண்கல்வியின் தேவையை இலங்கைப் பெண்களே சங்கம் அமைத்து முன்வைத்தனர். அவர்களுடைய முயற்சிக்குத் தோள்கொடுக்க மேரி மூசியஸ் ஹிக்கின்ஸ் என்னும் ஜெர்மானியப் பெண்மணி 1891இல் கொழும்பு வந்து சேர்ந்தார். மண் சுவரும் ஓலைக் கூரையுமாய் அவர் தொடங்கிய பள்ளி வளர்ந்து, பின்னாளில் பெண் ஆசிரியர்களைப் பயிற்றும் நிலையமாகவும் விரிந்தது. இது ஆல்காட் கண்ட கனவின் முதன்மையான பகுதி. நகரில் நான்கு பெரிய கல்லூரிகள் எழுவதைவிட, ஊர்ப்பள்ளிக்குச் சென்று கற்பிக்க நாற்பது ஆசிரியர் கிடைப்பதே அரிது. ஆல்காட் மறையும்போது தீவில் பௌத்தப் பள்ளிகளின் எண்ணிக்கை இருநூறை நெருங்கியிருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை நூல்களில் பெயர் பெறாத சிற்றூர்ப் பள்ளிகள்.

வீட்டு வாயிலில் கண்டது

இலங்கைப் பணி நடந்த ஆண்டுகளிலேயே ஆல்காட்டின் இருப்பிடம் சென்னைக்கு மாறிவிட்டது. 1882இல் அடையாற்றின் தென்கரையில் ஹட்டில்ஸ்டன் தோட்டம் என்னும் நிலத்தைச் சபை வாங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் அங்கே குடிபுகுந்தார். அன்றைய அடையாறு நகரத்தின் பகுதியன்று. வயலும் தோப்பும் மணல்வெளியும், இடையிடையே குப்பங்களும் சேரிகளுமாக இருந்த நாட்டுப்புறம். மயிலாப்பூருக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டும். இன்றைய தியாகராய நகர் அப்போது பிறக்கவே இல்லை. அங்கே பெரிய ஏரி நீர் நிறைந்து கிடந்தது.

சென்னையில் ஆல்காட்டைச் சூழ்ந்தவர்கள் பெரும்பாலும் கற்றோரும் உயர் பதவியினரும். அவர் வடமொழி ஏட்டுச்சுவடிகளைத் தொகுத்தார், 1886இல் அடையாறு நூலகத்தைத் திறந்தார், இந்தியரின் பழம்பெருமை பற்றி மேடைதோறும் பேசினார், பாராட்டும் பெற்றார். தோட்டத்தின் வேலிக்கு வெளியே வாழ்ந்த மக்களை அவர் தெளிவாகக் காணப் பல ஆண்டுகள் ஆயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அக்காலத்தில் பஞ்சமர் என்று குறிக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்கள் அவர்கள். பிறர் வயலில் உழைத்தனர். கடனுக்கு ஆட்பட்டுக் கிடந்தனர். பொதுக் கிணற்றில் நீர் எடுக்க இயலாதவராக இருந்தனர்.

பள்ளி அவர்களுக்கு எட்டாத தொலைவில் இருந்தது. தொலைவு என்பது நாழிகைக் கணக்கில் அன்று. அரசு உதவி பெற்ற பள்ளி பெரும்பாலும் அவர்கள் கால்வைக்கக் கூடாத தெருவில் இருந்தது. விதிப்படி எல்லார்க்கும் உரிய பள்ளியில் ஒரு சேரிக் குழந்தை சேர்ந்தால் மற்றக் குழந்தைகள் விலக்கிக்கொள்ளப்பட்டனர். சேரிக்கே பள்ளியைக் கொண்டுவரலாம் என்றால், அங்கே வந்து கற்பிக்கச் சாதி இந்து ஆசிரியர் இசையவில்லை. 1890களின் தொடக்கத்தில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரமென்கீர் இம்மக்களின் நிலையை விரிவாக எழுதி அரசுக்கு அறிக்கை அளித்தார். அதே ஆண்டுகளில் அயோத்திதாசப் பண்டிதர் போன்றோர் இலவசப் பள்ளிகளும் நிலமும் வேண்டுமெனப் பொது மன்றங்களில் கேட்டனர். 1893இல் சென்னை அரசு, பஞ்சமர் கல்விக்கெனத் தனிப் பள்ளிகள், உதவித்தொகை, ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கு ஊக்கத்தொகை ஆகியவற்றை வகுத்து ஆணை பிறப்பித்தது. ஆணை தாளில் இருந்தது. அதைத் தரையில் இறக்குவோர் தேவைப்பட்டனர்.

1894இல் ஆல்காட் அடையாற்றில் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். இலங்கையில் அவர் பின்பற்றிய முறை இங்கே பொருந்தாது என்பது தொடக்கத்திலேயே விளங்கிற்று. அங்கே ஊர்மக்கள் ஏழைகளாயினும் விகாரையும் நிலமும் உடையவர்கள். திரட்டினால் நிதி சேரும். இங்கோ ஒரு குழந்தை பள்ளிக்கு வருவதே அக்குடும்பத்தின் அன்றாட வருவாயில் ஒரு பங்கு குறைவதாகும். ஆடு மேய்க்கவும் சுள்ளி பொறுக்கவும் குழந்தையின் கை வேண்டும். ஆகவே கட்டணம் இல்லை. நிதியை ஆல்காட்டே தேட வேண்டியதாயிற்று. அவருடைய சபையில் இருந்த செல்வரும் கற்றோரும் பிற பணிகளுக்குத் தந்த அளவு இப்பள்ளிகளுக்குத் தரவில்லை. பெரும்பகுதி வெளிநாட்டு அன்பர்களிடமிருந்தே வந்தது.

சமயத்தைப் பற்றிய அவர் முடிவும் குறிப்பிடத்தக்கது. தாம் பௌத்தராயிருந்தும் இப்பள்ளிகளில் சமயப் பாடம் கூடாது என்று வகுத்தார். இலங்கையில் சமயத்தைக் காக்கப் பள்ளி திறந்தவர், அடையாற்றில் எழுத்தறிவைப் பள்ளியின் வேலையாகக் கொண்டார்.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பள்ளி ஐந்தாயிற்று. கோடம்பாக்கத்தில் பிளாவட்ஸ்கி நினைவுப் பள்ளி; தேனாம்பேட்டையில் தாமோதர் பள்ளி; மயிலாப்பூரில் திருவள்ளுவர் பள்ளி; கிருஷ்ணாம்பேட்டையில் அன்னி பெசன்ட் பள்ளி. தாமோதர் என்பவர் சபையில் சேரக் குடும்பத்தையும் சாதியையும் துறந்து, 1885இல் திபெத்தை நோக்கிச் சென்று திரும்பாமற்போன இளைஞர். மயிலாப்பூர்ப் பள்ளிக்கு வள்ளுவர் பெயர் சூட்டியது நல்ல தேர்வு. வள்ளுவர் பிறந்த ஊர் என மரபு சொல்லும் மயிலையில், பிறப்பால் ஒதுக்கப்பட்ட குழந்தைகள் அவர் பெயரைப் பள்ளி முகப்பில் கண்டனர்.

ஆசிரியரும் கற்பித்தலும்

இப்பள்ளிகளை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தியது கற்பித்த முறை. அமெரிக்காவிலிருந்து வந்த சாரா பாமர் அம்மையாரும், பின்னர் கோர்ட்ரைட் அம்மையாரும் பள்ளிகளை மேற்பார்த்தனர். பாடத்தை உரத்துக் கூறி மனப்பாடம் செய்விக்கும் முறையே அன்று எங்கும் வழங்கியது. அவர்கள் அதை விட்டு, ஜெர்மானியக் கல்வியாளர் புரோபெல் வகுத்த மழலையர் பள்ளி முறையைச் சேரிக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தனர். ஐரோப்பாவில் வசதியுள்ள குடும்பங்களே பெரிதும் நாடிய முறை அது. விளையாட்டாலும் கைவேலையாலும், கண்ணால் கண்டதைக் கையால் செய்தும் குழந்தை கற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நாள்தோறும் மண்ணோடும் விதையோடும் மாட்டோடும் பழகிய குழந்தைகளுக்கு அது இயல்பாகவே பொருந்தியது. தாங்கள் கற்பித்த வகையை மற்ற ஆசிரியரும் அறியும்படி கோர்ட்ரைட் நூலாகவே எழுதி 1906இல் வெளியிட்டார். அரசின் ஆய்வுத் தேர்வுகளில் இக்குழந்தைகள் பெற்ற நல்ல தேர்ச்சி, இவர்கள் அறிவில் குறைந்தவர்கள் என்று சொல்லிவந்தோரின் வாயை அடைத்தது.

ஆசிரியர் கிடைக்காத குறைக்கு விடை மெல்ல மெல்ல அம்மக்களிடமிருந்தே வந்தது. ஆல்காட் பள்ளியின் ஆசிரியராயிருந்த கிருஷ்ணசாமி ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். 1898இல் அயோத்திதாசர், தம் மக்கள் பழம் பௌத்தர் என்னும் கருத்தை ஆல்காட்டிடம் முன்வைத்து, அம்மரபை மீட்க உதவி கேட்டார். ஆல்காட் அவரையும் கிருஷ்ணசாமியையும் கொழும்புக்கு அழைத்துச் சென்றார். அங்கே சுமங்கல தேரர் முன்னிலையில் இருவரும் பஞ்சசீலம் ஏற்றனர். திரும்பிய அயோத்திதாசர் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 முதல் தமிழன் இதழை நடத்தினார். காலியில் இறங்கிய ஆல்காட் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஏற்ற அதே ஐந்து உறுதிமொழிகளைச் சென்னையின் ஒரு பள்ளி ஆசிரியர் ஏற்றார். தீவிலும் அடையாற்றிலும் தனித்தனியே நடந்துவந்த இரு பணிகளும் அந்நாளில் ஒன்றையொன்று தொட்டன.

எவ்வளவு படிக்கலாம்?

ஆல்காட்டின் பள்ளிகளில் ஓர் எல்லை இருந்தது. தமிழ் எழுதப் படிக்க, கணக்கிட, ஓரளவு ஆங்கிலம் பேச, பெண்குழந்தைகள் தைக்க, சமைக்க என்று தொடக்கக் கல்வியின் அளவிலேயே பாடத்திட்டத்தை அவர் நிறுத்தினார். உயர்கல்விக்கு ஆயத்தம் செய்வது தம் நோக்கமன்று என வெளிப்படையாகவே எழுதினார். வீட்டு வேலையிலோ கைத்தொழிலிலோ நல்ல ஊதியம் பெற்று, பிறரால் ஏமாற்றப்படாமல் வாழ்ந்தால் போதும் என்பது அவர் கணக்கு. அதற்கு அவர் பக்கம் காரணமும் உண்டு. கடன் சீட்டைப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்துத் தலைமுறைக்கு அடிமையான குடும்பங்களுக்குக் கூட்டலும் கழித்தலும் சிறிய கொடையல்ல. பட்டம் பெற்றாலும் அவர்களுக்கு அன்று எந்த அலுவலகம் கதவு திறந்திருக்கும் என்ற கேள்வியும் இருந்தது.

எனினும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கொழும்பில் அவர் திறந்த பள்ளி மாணவரைக் கல்லூரி வாயில்வரை கொண்டுசென்றது. சென்னையில் அவர் திறந்த பள்ளி சமையலறை வாயிலோடு நின்றது. தீவின் மக்கள் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்தியதால் அதன் எல்லையையும் தாங்களே விரித்தனர். சேரிக் குழந்தைக்கு எவ்வளவு போதும் என்பதை வேறொருவர் முடிவு செய்தார். அவர் நல்லெண்ணம் உடையவர் என்பதால் அந்த எல்லை எல்லையாக இல்லாமற்போகவில்லை. தாம் கல்லூரியைப் பாதியில் விட நேர்ந்ததை அறிந்த ஒருவர் வகுத்த எல்லை அது என்பது இன்னும் சிந்திக்க வைக்கிறது. அயோத்திதாசரும் அவர்காலத்து ஒடுக்கப்பட்டோர் தலைவர்களும் அவ்வெல்லைக்குள் நிற்கவில்லை. கல்விச் சலுகை, நிலம், அரசுப் பணி என அவர்களின் கோரிக்கை மேலும் மேலும் நீண்டது.

இறுதிக்காலம்

1906இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் பயணத்தில் கப்பலின் படிக்கட்டில் தவறி விழுந்தார் ஆல்காட். அக்காயத்திலிருந்து எழுபத்து நான்கு வயது உடல் மீளவில்லை. கொழும்பில் சிலநாள் தங்கியபின் அடையாறு வந்து சேர்ந்தார். 1907ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். அவர் உடல் அடையாற்றிலேயே எரியூட்டப்பட்டது. சாம்பலில் ஒரு பங்கு வங்கக் கடலிலும் மறுபங்கு காசியில் கங்கையிலும் கரைக்கப்பட்டது.

இலங்கையில் ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் பள்ளிக் குழந்தைகள் அவர் சிலைக்கு மலர் சூட்டுகின்றனர். சென்னையில் அவர் தொடங்கிய ஐந்து பள்ளிகளுள் சில பின்னர் மாநகராட்சியின் பொறுப்புக்குச் சென்றன. முதல் பள்ளி சபையின் பொறுப்பிலேயே நிலைத்தது. ஆல்காட் நினைவுப் பள்ளி என்னும் பெயருடன் பெசன்ட் நகரில் இன்றும் கட்டணமின்றி நடந்துவருகிறது. அவர் வகுத்த பழைய எல்லையைத் தாண்டி உயர்நிலை வகுப்புகளும் அங்கே வந்துவிட்டன. சுற்றியுள்ள குப்பங்களிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் காலையில் அப்பள்ளிக்கு நடந்துவரும் குழந்தைகள் பலர், தங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பை எட்டும் முதல் தலைமுறையினர்.